விலை இறங்கிய வண்டி, இறங்காத செலவு: பழைய குடும்ப எஸ்யூவியின் கணக்கு

எட்டு வயதான ஓர் எஸ்யூவி, புதிதாக இருந்தபோது விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் டயரோ, இன்ஜெக்டரோ, கியர்பாக்ஸோ மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்காது. ஆண்டுக்காண்டு தேய்வது வண்டியின் சந்தை மதிப்பு மட்டும்தான். உதிரிபாகத்தின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் தேய்வதில்லை, பெரும்பாலும் ஏறவே செய்கின்றன. சிறிய புதுக் காருக்கு ஆகும் பணத்தில் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான்: கொடுக்கும் விலை சிறிய காருக்கு உரியது, பின்னால் வரும் பில்லோ பெரிய வண்டிக்கு உரியது.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் உரிமையாளர் வண்டியை எப்போது விற்கிறார் என்பது தற்செயலாக அமைவதில்லை. உத்தரவாதக் காலம் முடிந்து, வண்டி 80,000 முதல் 1,20,000 கி.மீ. வரை ஓடியிருக்கும் கட்டத்தில்தான் பெரிய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். டைமிங் பெல்ட், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் டிஸ்க், இரண்டாவது அல்லது மூன்றாவது செட் டயர், பேட்டரி எனத் தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய கோளாறில்லை; எல்லாம் இயல்பான தேய்மானம். ஆனால் இவற்றுக்கான மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்த பிறகுதான் பலருக்கு வண்டியை மாற்றும் எண்ணமே வருகிறது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் வண்டியோடு சேர்த்து, தான் கட்டாமல் விட்ட பில்லையும் கைமாற்றுகிறார் என்பதே பொருள்.

கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் எடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எஸ்யூவியின் தேய்மானச் செலவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. நடுத்தர அளவுள்ள குடும்ப எஸ்யூவி ஒன்று ஏறக்குறைய 1,600 முதல் 2,200 கிலோ வரை எடையுள்ளது. ஆட்களும் சாமான்களும் ஏறினால் இன்னும் 500 கிலோ கூடும். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த எடைக்கேற்ற ஆற்றலை பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அதனால் பேட் மட்டுமன்றி டிஸ்க்கும் தேய்கிறது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஓரத்தை விரல் நகத்தால் தடவும்போது தெளிவான மேடு தட்டுப்பட்டால் அடுத்த பேட் மாற்றத்தில் டிஸ்க்கும் சேர்ந்து போகும் என்று எடுத்துக்கொள்ளலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கு வகுத்துள்ள எல்லை 155 டிகிரிதான். நிறைந்த வண்டியில் நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போது இந்த வித்தியாசம் காலுக்கடியில் தெரியும்.

டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 3518 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கட்டை (டயரின் தரைபடும் மேல்வரி) ஆழமாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரைக் கவனமாகச் சோதிக்க வேண்டும், பத்து வயதுக்கு மேல் எதையும் வைத்திருக்கக் கூடாது. ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். 18 அல்லது 19 அங்குலச் சக்கரங்களுக்கான டயர், சிறிய காரின் டயரைவிடப் பல மடங்கு விலை போகும் என்பதை வாங்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை; அகன்ற அலாய் சக்கரம் அழகாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள்.

சஸ்பென்ஷன் கோளாறுகளைக் காதால் பிடித்துவிடலாம். மெதுவாக ஒரு வேகத்தடையைத் தாண்டும்போது 'டக் டக்' என்று கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க்கோ லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'கட கட' என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட். வேகம் ஏற ஏற ஒரு விமான இரைச்சல் கூடிக்கொண்டே வந்து, வளைவில் ஒரு பக்கம் மட்டும் மாறினால் வீல் பேரிங். இவை விலை அதிகமில்லாத பாகங்கள்தான், ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்த முடியாது. புஷ் தேய்ந்த வண்டியில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர்நிலை, நிற்காது, அலைன்மென்ட் நிற்காத வண்டியில் புது டயரின் உள் ஓரம் சில ஆயிரம் கி.மீட்டரில் மொட்டையாகிவிடும்.

என்ஜினுக்கு வருவோம். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் அது அறுந்தால் பெரும்பாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும், பிறகு செய்யும் வேலை அந்த வண்டியின் சந்தை மதிப்பையே தொடலாம். மாற்ற வேண்டிய கால அளவு என்ஜினுக்கு என்ஜின் வேறுபடும், கி.மீட்டர் நிறையாவிட்டாலும் ஆண்டு நிறைந்தால் மாற்றத்தான் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெல்ட்டுக்குப் பதில் செயின் இருந்தால் கவலை இல்லை என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத என்ஜினில் செயின் நீண்டுபோகும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி கேட்டு மறையும் உலோகச் சலசலப்பு அதன் அறிகுறி. மூன்றாவதாக ஒரு வகை உண்டு: ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும் பெல்ட். பியூஜோ 2008, 3008 போன்ற வண்டிகளில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் என்ஜினில் இந்தப் பெல்ட் நாளடைவில் உதிர, அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தன. 2024இல் பியூஜோவின் தாய் நிறுவனமான ஸ்டெலான்டிஸ் ஐரோப்பாவில் இந்த என்ஜினுக்கான பாதுகாப்பை 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. என நீட்டித்தது, ஆனால் முறையான சர்வீஸ் பதிவு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய வண்டிக்கு சர்வீஸ் புத்தகம் எவ்வளவு பெறும் என்பதற்கு இதைவிட நேரான கணக்கு கிடைக்காது.

சில குறைகளுக்கு உரிமையாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தீர்வில்லை, ஏனென்றால் அவை தொழிற்சாலையிலிருந்தே கூட வருபவை. ஹூண்டாய், கியா வண்டிகளின் தீட்டா 2 வகை 2.0, 2.4 லிட்டர் என்ஜின்களில் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்ட்டைக் கடைந்தபோது தங்கிய உலோகத்துகள் ஆயில் வழியை அடைத்து, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கைத் தேய்த்தது. அமெரிக்காவில் 2015இலும் 2017இலும் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன, 2017இன் பட்டியலில் சான்டா ஃபே ஸ்போர்ட்டும் சொரென்டோவும் இருந்தன. ஹோண்டா சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போ என்ஜினில், குளிர் மிகுந்த பகுதிகளில் குறுந்தூரமே ஓடிய வண்டிகளில், எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து ஆயில் மட்டத்தை உயர்த்தியது. ஆகவே 'இந்த நிறுவனத்தின் வண்டி உழைக்கும்' என்ற பொதுப் பேச்சைக் காட்டிலும், எந்த ஆண்டு, எந்த என்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்ற மூன்று கேள்விகளே பயன் தருபவை.

டீசல் எஸ்யூவி பழையதாகும்போது வரும் தொல்லைகள் தனி ரகம். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி நிறைந்ததும், என்ஜின் கூடுதல் டீசலைச் செலவழித்து, சைலன்சர் வழியை ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியை எரிக்கும். இதற்குப் பத்து இருபது நிமிட நிதானமான ஓட்டம் தேவை. பள்ளிக்கும் கடைக்குமாக நான்கைந்து கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும். வடிகட்டி அடைபடும், தெளித்த டீசலின் ஒரு பகுதி பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்கு மாறாக ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், முகர்ந்து பாருங்கள். டீசல் வாசம் வரும். பொதுவாக நெடுஞ்சாலை ஓட்டம் இதற்கு மருந்து என்பார்கள், அது எல்லா வண்டிக்கும் பொருந்தவில்லை. ஆஸ்திரேலியாவில் 2015க்கும் 2020க்கும் இடையில் விற்ற ஃபார்ச்சூனர், பிராடோ, ஹைலக்ஸ் டீசல் வண்டிகளில், 100 கி.மீ. வேகத்தை ஒட்டித் தொடர்ந்து ஓட்டும்போதே இந்த அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. வெண்புகை, நாற்றம், கூடுதல் டீசல் செலவு என்பவை உரிமையாளர்களின் முறையீடு. டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மென்பொருளை மாற்றியிருக்கும் வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. மாசுச் சோதனை கடுமையாக உள்ள இடத்தில் அதை வாங்குகிறவர் அந்தப் பாகத்தின் முழு விலையையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதே டீசலில் புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்து ஒட்டிக்கொள்வதும், 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் கசிவதும் வழக்கமானவை. டர்போ, புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டுச் சேமித்த தொகை டர்போவில் வட்டியோடு வெளியே போகும்.

கியர்பாக்ஸ்தான் பழைய எஸ்யூவியில் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் பாகம், ஏனென்றால் என்ஜினைப் போல அது முன்கூட்டியே சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை. மேனுவல் என்றால் கிளட்ச்சோடு முடிந்துவிடும் என்ற நினைப்பு பழைய காலத்துக்கு உரியது. பல டீசல்களில் என்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் இடையில் ஸ்பிரிங் வைத்த இரட்டைத்தட்டு ஃபிளைவீல் இருக்கிறது, அது தேய்ந்தால் என்ஜினை அணைக்கும் நொடியில் ஓர் உலுக்கலும் தட்டலும் வரும், விலை கிளட்ச்சை மிஞ்சும். ஆட்டோமேட்டிக்கில், உலர் கிளட்ச்கள் இரண்டு மாறிமாறி வேலை செய்யும் டூயல் கிளட்ச் பெட்டிகள் ஊர்ந்து செல்லும் நெரிசலில் சூடேறி நடுங்கத் தொடங்குகின்றன. தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்கான சிவிடியில் இரண்டு கூம்புச் சக்கரங்களுக்கிடையே உலோகப் பட்டை ஒன்று அழுத்தத்தால் மட்டுமே பிடித்திருக்கிறது. எடை கூடிய வண்டியில் ஆயில் கெட்டால் பட்டை வழுக்கும், வழுக்கினால் சக்கரத்தில் கோடு விழும், அதற்குப் பிறகு பழுதுபார்க்க வழி குறைவு. முரானோ, ரோக் உள்ளிட்ட 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடிக்கு நிஸான் அமெரிக்காவில் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என நீட்டிக்க நேர்ந்தது. ஆயில் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைதான் இந்த மூன்று ஆட்டோமேட்டிக்கிலும் பொறுமையானது, ஆனால் 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்ற வாசகத்தை நம்பி ஓட்டிய பெட்டி 1,50,000 கி.மீட்டரில் தடுமாறுவதைப் பார்க்கலாம். யாருடைய ஆயுள் என்பதைத்தான் அந்த வாசகம் சொல்வதில்லை.

ஒரு பாகத்தின் பிழை இன்னொன்றை எப்படிக் கொல்லும் என்பதற்கு 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர் நல்ல எடுத்துக்காட்டு. அதன் ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயும் இருந்தது. அது விரிசல் விட்டதும் கூலன்ட் ஆயிலோடு கலந்து, இளஞ்சிவப்பு நுரையாகி, முழு கியர்பாக்ஸையும் பாழாக்கியது. ரேடியேட்டரைக் காலத்தில் மாற்றியவருக்கு ஒரு நாள் வேலையோடு போயிற்று, மற்றவர்களுக்குப் புதுப் பெட்டி.

நான்கு சக்கர இழுவை தேவைப்படுகிறவர்களைவிட அதற்குச் செலவழிக்கிறவர்கள் அதிகம். இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதைப் பின் சக்கரங்களுக்குப் பங்கிடும் டிஃபரன்ஷியல், இரண்டையும் இணைக்கும் கப்ளிங் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆயில், தனித்தனி மாற்றக் காலம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாமல் போகலாம்: கட்டை ஆழ வேறுபாட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல, கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடாகிவிடும்.

உள்ளே உட்கார்ந்தால் தெரியும் வசதிகளுக்கும் வயதாகிறது. ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால் சிறு கசிவுக்கும் முழு டாஷ்போர்டையும் கழற்ற வேண்டும், பாகத்தைவிடக் கூலி அதிகமாகிவிடும். சன்ரூஃபின் நான்கு மூலைகளிலிருந்தும் நீர் வடியும் மெல்லிய குழாய்களில் இலைத்தூள் அடைத்துக்கொண்டால், மழைநீர் கூரைத் துணி வழியாக இறங்கித் தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சில் தேங்கும். பல வண்டிகளில் மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. முன் இருக்கைக்குக் கீழே கையை விட்டு விரிப்பை அழுத்திப் பார்த்தால் போதும். ஈரமும் பூஞ்சை வாசமும் மறைந்துகொள்ளத் தெரியாதவை.

நான் ஒரு முறை பார்க்கப் போன ஏழு இருக்கை வண்டியில், பேச்சைத் தொடங்குமுன் பானெட்டின் மேல் கை வைத்தேன், சூடாக இருந்தது. 'காலையிலிருந்து எடுக்கவே இல்லை' என்று விற்பவர் சொல்லி முடித்திருந்தார். குளிர்ந்த என்ஜினின் முதல் ஸ்டார்ட்டை வாங்குகிறவர் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அதில் கேட்கக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் வருகிறேன் என்றேன், அதற்குள் விற்றுப்போய்விட்டதாகச் சொன்னார். யார் வாங்கினாரோ.

இதே உத்தி மின்னணுவிலும் நடக்கிறது. எச்சரிக்கை விளக்கை அணைக்க, கோளாறுக் குறியீடுகளை விற்பதற்குச் சற்றுமுன் அழித்துவிடுவது எளிது. ஆனால் அப்படி அழித்தால் வண்டியின் தன்சோதனைகளும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி அந்தச் சோதனைகள் 'நிறைவடையவில்லை' என்று காட்டினால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். மலிவான ஸ்கேனரும் இதைக் காட்டும். அதோடு, சேஸிஸில் பொறித்த 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு, தயாரிப்புக் குறைக்காக வண்டியைத் திரும்ப அழைத்துச் செய்ய வேண்டிய வேலைகள் நிலுவையில் உள்ளனவா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தபின் வெடித்து உலோகத் துண்டுகளை வீசியதால், உலகெங்கும் சுமார் 10 கோடி ஏர்பேக் கருவிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தக் கோளாறு வயதோடு முற்றுவது, மாற்றித் தருவதோ இலவசம். பழைய வண்டிக்காரருக்குக் கிடைக்கும் இலவசங்கள் அரிது.

இனி முழுக் கணக்கு. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடும் குடும்பம், லிட்டருக்கு 17 கி.மீ. தரும் காரில் ஏறக்குறைய 880 லிட்டர் எரிக்கும், 11 கி.மீ. தரும் எஸ்யூவியில் 1,360 லிட்டருக்கு மேல். வித்தியாசம் ஆண்டுக்கு 480 லிட்டர், ஐந்தாண்டில் 2,400 லிட்டர். இதை உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, கைப்பணம் போதுமா என்று முடிவு செய்யலாம். காப்பீடும் சாலை வரியும் பெரும்பாலும் என்ஜின் அளவையோ எடையையோ வண்டியின் மதிப்பையோ ஒட்டி அமைவதால், அவை பழைய எஸ்யூவிக்குக் கொஞ்சம் இறங்கினாலும் சிறிய காரின் அளவுக்கு இறங்குவதில்லை. மதிப்புத் தேய்மானம் மட்டும் பழைய வண்டி வாங்குகிறவரின் பக்கம் நிற்கிறது, மதிப்பின் பெரிய சரிவு முதல் உரிமையாளரின் தலையில் விழுந்துவிட்டது. அதற்கு ஈடாக வாங்குகிறவர் ஏற்பது நிச்சயமின்மை. புது வண்டியின் செலவு மாதத் தவணையாக வருவதால் பழகிவிடுகிறது. பழைய வண்டியின் செலவு பத்து மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து பதினோராவது மாதம் மொத்தமாக வந்து நிற்கிறது.

அதனால் வாங்கும் விலையில் 15 முதல் 20 விழுக்காட்டை முதல் ஆண்டுக்கென ஒதுக்கி வைப்பதே என் வழக்கம். கையில் இருப்பதையெல்லாம் விலையாகக் கொடுத்து ஒரு படி உயர்ந்த வண்டியை வாங்குவதைவிட, அந்தப் படியைத் துறந்து பணத்தை மிச்சம் வைத்துக்கொள்வது மேல். வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லா ஆயில்களையும், கூலன்ட்டையும், பதிவு இல்லாத டைமிங் பெல்ட்டை வாட்டர் பம்ப்போடும் மாற்றிவிட்டால், அன்றிலிருந்து வண்டியின் வரலாறு உங்கள் கையில் இருக்கும். பின்னொரு நாள் பெரிய பில் வரும்போது அதை வண்டியின் சந்தை விலையோடு மட்டும் ஒப்பிடக் கூடாது. அந்தப் பணத்தைச் செலவழித்தால் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், அதே பணத்துக்குக் கிடைக்கும் அடுத்த வண்டியில் என்னென்ன வேலை காத்திருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். தெரிந்த வண்டியின் கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்ப்பது, தெரியாத வண்டியின் கியர்பாக்ஸை வாங்குவதைவிடப் பல நேரம் மலிவாகவே முடிகிறது. அடிச்சட்டம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் மட்டும் இந்த ஒப்பீட்டுக்கு இடமில்லை. அந்த வண்டியில் எந்தப் பாகத்தைப் புதிதாகப் போட்டாலும் அது நிற்க இடமிருக்காது.